தாவரச் சாற்றை அளந்த ஸ்டீபன் ஹேல்ஸ்

வேரினின்று இலைக்கு நீரும் கனியுப்புக்களும் ஏறும் வகையை இன்று நம் மாணவர் பாடநூலிற் படித்துத் தேறிவிடுகின்றனர். அதனைத் தராசும் அளவுகோலும் கொண்டு செவ்வனே ஆராய்ந்து வழிகாட்டியவர் தாவரவியற் பேராசிரியரல்லர், ஒரு சிற்றூர்க் குருவானவர் என்பதைப் பலர் அறியார்.

ஸ்டீபன் ஹேல்ஸ் 1677ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்று, 1709இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் திருச்சபையின் குருவானார். இறக்கும்வரை அப்பதவியை விட்டாரல்லர். மணந்த மனைவி ஓராண்டளவில் மறைந்தார், மக்கட்பேறுமில்லை.

1628இல் ஹாவி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கியபின், மரத்தின் சாறும் அவ்வாறே சுற்றி ஓடுகின்றதென அறிஞர் பலர் கருதினர். அதனை நம்புதற்கு ஹேல்ஸ் எவரினும் உரியவர். குதிரையின் நாடியிற் குழாய் செருகிக் குருதியமுக்கத்தை முதலில் அளந்தவர் அவரே. (அச்சோதனைகளை வாசிக்குங்கால் நம் மனம் நோகின்றது. அயலில் வாழ்ந்த புலவர் போப்பும் அவற்றை வெறுத்தார்; நட்பை மாத்திரம் கைவிட்டிலர்.)

ஒருமுறை, காலந்தப்பிக் கவ்வாத்துச் செய்த திராட்சைக் கொடியின் வெட்டுவாயினின்று சாறு ஓயாது வடிந்தது. கொடி மடியுமென அஞ்சி, விலங்கின் சவ்வுப்பையொன்றை அதன்மேற் கட்டினார். பை உப்பிப் பருத்தது. பிறராயின் இன்னும் இறுகக் கட்டியிருப்பர். ஹேல்ஸ் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். பின்னர் இரசத்தைக் கொண்டு அளந்தபோது, அவ்வமுக்கம் 36 அடி உயர நீரைத் தாங்க வல்லதாயிருந்தது. குதிரையின் குருதியமுக்கத்தினும் அது நான்கு மடங்கிற்கு மேற்பட்டது.

எனினும், இலை தழைத்த கோடையில் அதே வெட்டுவாய் சாற்றை வெளித்தள்ளாது நீரை உள்ளிழுத்தது. வேர் தள்ளுவதே முழுக் காரணமாயின் இது நிகழாது. 1724இல், சட்டியில் வளர்ந்த மூன்றரை அடிச் சூரியகாந்தியை, மண்ணினின்று ஆவி போகாவண்ணம் ஈயத்தகட்டால் மூடி, 15 நாட்கள் காலையும் மாலையும் நிறுத்தார். ஒரு பகலிற் சராசரி 20 அவுன்சு நீர் இலைவழிக் கழிந்தது. இலை களைந்த கிளைகளோ சிறிதளவே உறிஞ்சின. கிளையைத் தலைகீழாக நீரில் வைத்தபோதும் நீர் ஏறிற்று; குருதிக்குழாய்களிலுள்ள கதவுகள் போன்றவை அங்கில்லை. ஆகவே சாறு சுற்றி ஓடுவதில்லையென 1727இல் வெளியிட்ட நூலில் முடிவுகூறினார். தமக்கு மிக நெருங்கிய உவமையைத் தராசின் சொற்கேட்டுத் துறந்தாரே, அதனையே நாம் அவர் வாழ்வின் உயர்ந்த செயலாகக் கருதுகின்றோம்.

நெடுமரத்தின் உச்சிவரை நீர்நிரல் அறாது ஏறும் விதம் அவருக்கு முற்றும் விளங்கவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்றலால், இலைகளின் ஆவியுயிர்ப்பு காழ்க்கலன்களிலுள்ள நீரை மேலே இழுக்குமென 1894இல் டப்ளினிலிருந்து டிக்ஸன், ஜொலி என்னும் இருவர் விளக்கினர்.

முதுமையில் ஹேல்ஸ் சிறைச்சாலைகளுக்கும் கப்பல்களுக்கும் நற்காற்றுச் செலுத்தும் பொறிகளை அமைப்பதில் ஈடுபட்டார். சாராயத்தின் தீமையை எதிர்த்தும் எழுதினார். 1761 ஜனவரி 4ஆம் திகதி, 83ஆம் வயதில் இறந்து, டெடிங்டன் ஆலயக் கோபுரத்தின் கீழ் அடக்கஞ் செய்யப்பெற்றார்.