வெலிங்டன் கோமகனின் குடிமரபு

கொங்கு நாட்டில் ஒருவரை அறிய விழைவோர் முதற்கண் வினவுவன கூட்டமும் காணியுமே. நீலமலையில் படைமுகாமாய் விளங்கும் வெலிங்டனுக்குப் பெயரளித்த ஆர்தர் வெல்லெஸ்லியிடம் அவ்வினாவைத் தொடுப்பின், வியப்பான விடையே கிட்டும். அவர்தம் குடிப்பெயர் குருதிவழி வந்ததன்று.

பாட்டனார் ரிச்சர்டு காலி என்பார், மகப்பேறின்றி மறைந்த காரெட் வெஸ்லி என்னும் உறவினரின் அயர்லாந்து நிலபுலங்களோடு அவர் பெயரையும் 1728-இல் ஏற்றார். 1746-இல் மார்னிங்டன் பிரபுவானார். அவர் மைந்தரோ டப்ளின் டிரினிடி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியர். அவ்விசைவாணரின் எஞ்சிய ஆண்மக்கள் ஐவருள் மூன்றாமவராக 1769-இல் ஆர்தர் தோன்றினார். 1781-இல் தந்தை மறைய, பட்டமும் கடன்சுமையும் மூத்தவரைச் சேர்ந்தன. இளையவருக்கு வாய்த்தது படைத்தொழிலே. 1793-இல் கேத்தரின் பேக்கன்ஹாமை மணம் வேண்டியபோது, பொருளற்றவரென அவள் குடும்பத்தார் மறுத்தனர். அவ்வாண்டே தம் வயலினைத் தீயிலிட்டார் என்பர்.

1797-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு தமையனார் ரிச்சர்டு தலைமை ஆளுநராக வந்தார். குடிப்பெயரும் வெல்லெஸ்லி என்னும் பழைய வடிவம் பெற்றது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணம் ஆர்தர் பொறுப்பில் வந்தது. 1800-இல் தூந்தாஜி வாக் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, கொங்குப் பாளையக்காரரும் அக்கிளர்ச்சியில் இணைந்தனர். சூன் திங்களில் கோவையைக் கைக்கொள்ள முனைந்த முயற்சி முறியடிக்கப்பட்டது, பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பரில் தூந்தாஜியும் ஆர்தரின் படையால் மாண்டார். போர்க்களத்தில் எஞ்சிய அவர் மகன், சலாபத் கான் என்னும் சிறுவனை, ஆர்தர் தம் பாதுகாப்பில் ஏற்றார். 1805-இல் நாடு திரும்புகையில் அவன் வாழ்வுக்குப் பொருளும் வைத்துச் சென்றார். தூக்குமரம் ஏறிய கொங்கு வீரர்தம் மக்களுக்கு அத்தகைய புகலிடம் வரலாற்றில் பதிவாகவில்லை.

1806-இல் கேத்தரினையே மணந்து இரு மைந்தரைப் பெற்றார். 1809-இல் பிரபுப் பட்டம் வந்தபோது, குடிப்பெயரை ஒத்தொலித்த சாமர்செட் ஊரொன்றின் பெயரைத் தமையனார் வில்லியம் தேர்ந்தார். அதுவே வெலிங்டன். 1815-இல் வாட்டர்லூ வெற்றி அப்பெயரை உலகறியச் செய்தது. 1852-இல் அவர் மறைந்தார்.

நீலமலை அந்நாளில் கோவை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஜெகதளாவை அடுத்தெழுந்த படைமுகாம் பின்னர் அவர் பெயர் பூண்டது. உறவினரிடம் பெற்ற குடிப்பெயர். ஒலியொப்புமையால் வாய்த்த பட்டப்பெயர். அதுவும் கடல்கடந்து பிறர் மலையில் அமர்ந்தது. அருகிருக்கும் ஜெகதளாவோ, தன் முன்னோர் இட்ட பெயரோடு இன்றும் வாழ்கிறது.