ஒரு காலை இழந்த உர்வா (ரஹ்) அவர்கள்



வீட்டில் ஒருவருக்கு இருதயக் குழாய் அடைத்துவிட்டது என்றோ, சர்க்கரை நோயால் கால்விரல் கறுத்து எலும்புவரை அழுகல் இறங்கிவிட்டது என்றோ மருத்துவர் கூறிவிட்டால், நம் கம்பம் பள்ளத்தாக்கின் குடும்பங்கள் தேனி க.விலக்கு அரசு மருத்துவமனைக்கும் மதுரைக்குமாக அலைகின்றன. அந்த அலைச்சலுக்கு முன்னரே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: கத்தி வைத்த பின் மனிதர் பழையபடி ஆவாரா? விடை தெரியாத அச்சத்தில் நாட்கள் கழிகின்றன. அழுகலோ காத்திருப்பதில்லை. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியின் முன் நின்ற ஒரு பெருமகனாரின் வரலாற்றை இன்று காண்போம்.

அவர்களே உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்). தந்தை, சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரான ஜுபைர் (ரலி). தாய், அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் திருமகளார் அஸ்மா (ரலி). அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இவர்களுக்குச் சிறிய தாயார் ஆவார்கள். அன்னையாரின் இல்லமே உர்வாவுக்குக் கல்விக்கூடமாயிற்று. ஹதீஸும் சட்டமும் மட்டுமன்றி, மருத்துவத்திலும் அன்னையாருக்கு இருந்த அறிவு கண்டு அவர்கள் வியந்ததுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறுதிக் காலத்தில் நோயுற்றிருந்தபோது, வந்தவர்கள் சொல்லிய மருந்துகளைத் தாமே செய்து கொடுத்துக் கற்றதாக அன்னையார் விளக்கினார்கள். பிற்காலத்தில் உர்வா அவர்கள் மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவராக விளங்கினார்கள். நாள்தோறும் திருமறையில் நாலிலொரு பகுதியைப் பகலில் பார்த்து ஓதி, இரவில் அதையே தொழுகையில் நின்று ஓதுவது அவர்களின் வழக்கம்.

கலீபா வலீதைக் காணத் திமிஷ்க் நகருக்குச் சென்ற பயணத்தில்தான் அந்தச் சோதனை வந்தது. பாதத்தில் தோன்றிய புண் புரையோடி மேலேறத் தொடங்கியது. வலீத் மருத்துவர்களை வரவழைத்தார். காலை வெட்டாவிடில் நோய் உடல் முழுதும் பரவி உயிரைக் குடித்துவிடும் என்று அவர்கள் ஒருமுகமாய் உரைத்தார்கள். உர்வா அவர்கள் இசைந்தார்கள். இசைந்தார்கள் என்பதை, வாசகர்களே, சற்று நின்று கவனியுங்கள். அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை கொண்ட அந்த இறைநேசர், இரண சிகிச்சையைத் தவக்குலுக்கு மாறானதாகக் கருதவில்லை. உபை இப்னு கஅப் (ரலி) நோயுற்றபோது அண்ணலாரே ஒரு மருத்துவரை அனுப்பியதும், அவர் நரம்பை அறுத்துச் சூடிட்டதும் ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தியன்றோ!

அறிவை மயக்கும் பானம் ஒன்றை அருந்தச் சொன்னபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். (இதைக் காட்டி இன்றைய மயக்க மருந்தை மறுப்பார் உண்டெனில் அது பிழை. சிகிச்சையின் தேவைக்கு அது ஆகும் என்பதே உலமாக்களின் தீர்ப்பு.) தொழுகையில் நின்றபோதே அறுத்தார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோம், திக்ரு செய்துகொண்டிருந்தார்கள் என்ற அறிவிப்பும் உண்டு. வாளால் எலும்பை அறுத்து, குருதியை நிறுத்தக் காய்ச்சிய எண்ணெயில் வைத்தார்கள். அப்போதுதான் அவர்கள் நினைவிழந்தார்கள். அருகில் உரையாடிக்கொண்டிருந்த வலீதுக்கு, சூடிட்ட வாடை எழுந்த பிறகே நடந்தது தெரிந்ததாம். திருமறை ஓதும் வழக்கம் தவறியது அந்த ஓர் இரவு மட்டுமே. மறு இரவே தொடர்ந்தார்கள்.

அதே பயணத்தில் அவர்களின் அருமை மகன் முஹம்மது, குதிரை லாயத்தில் விலங்குகளின் காலடியில் சிக்கி இறந்தார். ஏழு மக்களில் ஒருவரை எடுத்து அறுவரை விட்டாய், நான்கு உறுப்புகளில் ஒன்றை எடுத்து மூன்றை விட்டாய் என்று இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள் அவர்கள்.

மதீனா திரும்பியதும் மக்கள் துக்கம் கேட்க வந்தார்கள். அவர்களுள் தல்ஹா (ரலி) அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் சொன்ன ஆறுதலே சிறந்தது. உங்களை ஓட்டப் பந்தயத்திற்கு நாங்கள் அழைக்கப் போவதில்லை. எங்களுக்குத் தேவையான உங்கள் அறிவையும் யோசனையையும் அல்லாஹ் எங்களுக்காக மிச்சம் வைத்துவிட்டான் என்பது அவர் கருத்து.

பழையபடி ஆவாரா என்னும் நம் கேள்விக்கு இதனினும் நேரிய விடை ஏது? ஆகமாட்டார். உர்வா அவர்களும் ஆகவில்லை. இருதய மாற்றுவழி அறுவையிலும் காலிலுள்ள நாளத்தை எடுத்து இருதயத்தில் பொருத்துகிறார்கள். இரத்தம் புதுவழியில் ஓடுகிறது, நோயோ உடலிலேயே இருக்கிறது. புகையை விடாதவர்க்கும் மருந்தை மறந்தவர்க்கும் புதுக்குழாயும் அடைத்துக்கொள்ளும். விரலோடு முடியவேண்டிய வெட்டு முழங்காலுக்கு மேல் ஏறுவது பெரும்பாலும் காலம் தாழ்த்தியதால்தான். இந்தியாவில் முதல் மாற்றுவழி அறுவை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. இன்றோ நம் மதுரையிலேயே நடைபெறுகிறது. உர்வா அவர்களுக்கு இருந்ததோ வாளும் எண்ணெயும்.

அந்த வாளுக்குப் பின் அவர்கள் எட்டு ஆண்டுகள் வாழ்ந்ததாக வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறிக்கிறார். பேரீச்சம்பழம் கனியும் பருவத்தில் தம் தோட்டத்துச் சுவரில் வழி திறந்துவிட்டு, வருவோர் உண்ணவும் சுமந்து செல்லவும் விடுவது அவர்களின் நெடுநாள் பழக்கம். காய்த்த திராட்சைப் பந்தலுக்குக் காவல் போடும் நம்மூர் விவசாயிகளுக்கு அது எத்தகைய மனம் என்பது விளங்கும். அகீக் ஓடைக்கரையில் அவர்கள் தோண்டிய கிணற்றின் இனிய நீர் புகழ் பெற்றது. அவர்களின் இல்லத்தின் சிதைவுகள் மதீனாவில் இன்றும் உள்ளன. ஹிஜ்ரி 94-ஆம் ஆண்டளவில், நோன்பு நோற்றிருந்த நிலையிலேயே அவர்கள் இறையடி சேர்ந்தார்கள்.