கடலடி உயிர்களைத் தேடிய எட்கர் தர்ஸ்டன்

சென்னையின் பழைய தலைமுறையினர் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் அழைத்து வந்தனர். அம்பத்தூரிலோ ஆவடியிலோ மின்சார ரயிலேறிச் சென்று அந்தச் செத்த காலேஜைக் கண்டு வராத மாணவியர் நம்மில் குறைவே. அதனை 23 ஆண்டுகள் நிர்வகித்தவர் எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர்.

1855-ஆம் ஆண்டு பிறந்த இவர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1885-ல் சென்னை வந்து அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய மருத்துவர் நண்டையும் கடற்பஞ்சையும் தேடிப் புறப்பட்டது வியப்புக்குரியதே.

இராமேசுவரம் தீவும் அதனைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாவும் அவரைப் பெரிதும் கவர்ந்தன. பவளம், நட்சத்திர மீன், கடல் அட்டை முதலிய முதுகெலும்பில்லா உயிர்கள் அங்கே ஏராளம். ஆனால் அவை கிடப்பதோ கடலின் அடியில். முதுகில் காற்றுக் கலம் சுமந்து மூழ்கும் வசதி அந்நாளில் ஏது?

அந்தக் கடலடியை நன்கு அறிந்தவர்கள் முத்துக்குளிப்போரே. சவேரியார் வருவதற்கு முன்பே திருமுழுக்குப் பெற்ற பரதவரும், கீழக்கரை இசுலாமியரும் அவர்களுள் முக்கியமானவர்கள். 1889-ல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது தர்ஸ்டன் அங்கே சென்று அவர்களுடைய தொழிலைக் கவனித்தார். கனத்த கல்லைப் பற்றிக்கொண்டு ஒருவர் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். படகில் மற்றொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். மேலே இருப்பவர் கண் அயர்ந்தால் கீழே இருப்பவருக்கு உயிரில்லை! சிப்பிப் பார்களின் இயல்பை அன்று எந்தக் கல்லூரியும் இவர்களைப் போல் அறிந்திருக்கவில்லை.

இவ்வாறு திரட்டியவற்றைத் தர்ஸ்டன் தக்க அறிஞர்களிடம் ஒப்படைத்தார். மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1889-ல் வெளியிட்டார். நண்டு, இறால் இனங்களைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஹெண்டர்சன் ஆராய்ந்தார். தர்ஸ்டன் தாமும் 1890-ல் முத்து, சங்கு குளித்தல் பற்றியும், 1895-ல் இராமேசுவரம் தீவைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அவற்றின் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. மூழ்கியவர், கயிறு பிடித்தவர் பெயர்களையும் சேர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

1894 முதல் அவருடைய கவனம் மனிதர் பக்கம் திரும்பியது. ஊர் ஊராகச் சென்று மக்களின் மூக்கையும் தலையையும் கருவிகளால் அளந்தார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடி ஒளிந்தனர். தங்களுள் சிறந்தவர்களைப் பிடித்துப் பஞ்சு அடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று அஞ்சினராம். இதை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. புட்டியில் இட்ட நண்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்ட எவரும் அப்படித்தானே அஞ்சுவர்? மூக்கின் அளவைக் கொண்டு மனித இனங்களைத் தரம் பிரிக்கும் அந்த முறையை இன்றைய அறிவியல் தள்ளிவிட்டது. ஆயினும் அவர் ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலை, அதில் உள்ள வழக்கங்களுக்காகவும் தொழில்களுக்காகவும் ஆய்வாளர்கள் இன்னமும் புரட்டுகின்றனர்.

1908-ல் ஓய்வு பெற்ற தர்ஸ்டன், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் குடியேறிச் செடிகொடிகளைச் சேகரிக்கலானார். சும்மா இருக்கத் தெரியாதவர் போலும்! இதற்கிடையில் அவர் விட்டுச்சென்ற கடற்பணி நின்றுவிடவில்லை. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடை என்னும் சிறு தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய நூலை, அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் கிரேவ்லி 1927-ல் வெளிக்கொணர்ந்தார். 1986-ல் குருசடை உள்ளிட்ட மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

தர்ஸ்டன் 1935 அக்டோபர் 12 அன்று காலமானார். கொம்புத்திருக்கை வகை ஒன்று அவர் நினைவாக மொபுலா தர்ஸ்டனி என்னும் பெயருடன் இன்றும் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறது.