இரு தரப்புக்கும் நடுவில் நின்ற தளபதி

கொரியப் பாடகர்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் இன்றைய மாணவர்கள் நன்கு அறிவார்கள். எங்கள் கியா பார்ம் பக்கத்து இளையோரிடம் கேட்டால் பத்துப் பெயர்களை மூச்சு விடாமல் சொல்வார்கள். அந்த நாடு ஏன் இரண்டாகக் கிடக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்கச் சொல்வேன். அவர் ஜெனரல் கே.எஸ். திம்மையா.

1906ஆம் ஆண்டு குடகு நாட்டின் மடிக்கேரியில், காப்பித் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். சிறுவயதில் நீலகிரியிலுள்ள குன்னூரில் படித்தார். பின்னர் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று, 1926இல் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பானியரை எதிர்த்துப் படை நடத்தினார். அவருடைய அண்ணன் பொன்னப்பாவோ நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தார். நம் தோட்டப்புறத்து இளைஞர்கள் பலர் சேர்ந்த அதே படைதான். ஒரு தாய் பிள்ளைகள் எதிரெதிர் அணியில் நிற்பதைத் திம்மையா தம் வீட்டிலேயே கண்டவர்.

கொரிய மக்கள் ஒரே மொழி பேசும் ஓரினத்தவர். 1910 முதல் 1945 வரை ஜப்பான் அவர்களை ஆண்டது. ஜப்பான் தோற்றபோது வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் நுழைந்தன. ஜப்பானியரின் சரணடைவை ஏற்பதற்காக 38ஆம் அட்சரேகையில் போட்ட தற்காலிகக் கோடு, பனிப்போர் முற்றியதும் எல்லையாக இறுகிவிட்டது. 1948இல் தெற்கே சிங்மான் ரீ தலைமையிலும் வடக்கே கிம் இல் சுங் தலைமையிலும் இரண்டு அரசுகள் எழுந்தன. நாடு முழுவதும் தனக்கே உரியது என்றது ஒவ்வொன்றும்.

1950 ஜூன் 25ஆம் தேதி வடகொரியப் படை எல்லையைத் தாண்டியது. மூன்றே நாளில் சியோல் வீழ்ந்தது. தென்கொரியப் படை பூசான் மூலை வரை தள்ளப்பட்டது. செப்டம்பர் 15ஆம் தேதி ஐநா படை இஞ்சோனில் தரையிறங்கியது. பிறகு சீன எல்லையை நோக்கி முன்னேறியது. உடனே சீனா லட்சக்கணக்கான வீரர்களைக் களமிறக்கியது. ஓராண்டுக்குள் சியோல் நான்கு முறை கைமாறியது. கடைசியில், தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே போர் முடங்கியது. மலாயாவில் ரப்பர், ஈய விலைகள் ஏறியதற்கும் இந்தப் போரே காரணம்.

இந்தியா சண்டையிட ஆளனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் ஒரு ராணுவ மருத்துவப் பிரிவை அனுப்பியது. திம்மையாவின் வேலை பிறகுதான் வந்தது.

1951 ஜூலையில் தொடங்கிய சமரசப் பேச்சு இரண்டு ஆண்டுகள் இழுத்தது. போர்க்கைதிகள்தாம் பெரிய சிக்கல். எல்லாரையும் திருப்பி அனுப்பச் சொன்னது வடதரப்பு. விரும்பாதவர்களை அனுப்ப மறுத்தது அமெரிக்கா. முடிவில், நாடு திரும்ப மறுப்பவர்களை நடுநிலை ஆணையத்திடம் ஒப்படைக்க இணங்கினார்கள். 1953 ஜூலை 27ஆம் தேதி போர்நிறுத்தம் கையெழுத்தானது. சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா, இந்தியா ஆகிய நாடுகள் அடங்கிய அந்த ஆணையத்துக்குத் திம்மையா தலைவரானார்.

இந்தியப் படையினர் தம் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று சிங்மான் ரீ தடுத்தார். ஆகவே அவர்கள் ஹெலிகாப்டரில் எல்லைப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 22,000க்கும் மேற்பட்ட சீன, வடகொரியக் கைதிகளும் மறுதரப்பிலிருந்து 359 பேரும் அவர்கள் பொறுப்பில் வந்தனர். 90 நாள்களுக்குள் அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் கைதிகளிடம் பேசி, திரும்ப அழைக்கலாம். முடிவெடுப்பது கைதியின் உரிமை. ஏட்டளவில் எளிது. முகாமுக்குள்ளோ கும்பல் தலைவர்கள் மற்றவர்களை மிரட்டினார்கள், கொலைகளும் நடந்தன. வர மறுத்தவர்களைப் பலவந்தமாகக் கொண்டுவரும்படி வடதரப்பு வற்புறுத்தியது. அப்படிச் செய்தால் இரத்தம் ஆறாக ஓடும். செய்யாவிட்டால் அவர்களின் உண்மையான மனம் தெரியாது. திம்மையா பலத்தைப் பயன்படுத்த மறுத்தார். வடக்கு அவரைக் குறைகூறியது. தெற்கோ, இந்தியர்களைக் கம்யூனிஸ்டுச் சார்பினர் என்று ஏசியது.

கைதிகளின் கதியைப் பேச வேண்டிய அரசியல் மாநாடு கூடவேயில்லை. 1954 ஜனவரியில், யாரிடமிருந்து பெற்றாரோ அவர்களிடமே கைதிகளைத் திம்மையா திருப்பி ஒப்படைத்தார். சீனர்களில் பெரும்பாலோர் தைவானுக்குப் போனார்கள். எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 80க்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மிரட்டலுக்கு நடுவே எத்தனை பேர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கி முனையில் ஒருவனை ஒரு நாட்டுக்காரனாக்க அவர் உடன்படவில்லை. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவ்வாண்டே அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1957 முதல் 1961 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்தார். 1964இல், கிரேக்கரும் துருக்கியரும் மோதிய சைப்ரஸ் தீவில் ஐநா அமைதிப்படைக்குத் தலைமையேற்றார். 1965 டிசம்பரில் அங்கேயே மாரடைப்பால் இறந்தார்.

கொரியாவில் இன்றுவரை சமாதான உடன்படிக்கை இல்லை. இருப்பது அந்த 1953ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் மட்டுமே. நடுவில் நிற்பவன் கோழை என்று எண்ணும் மாணவர்கள், இரு பக்க ஏச்சையும் தாங்கிக்கொண்டு அந்த எல்லையில் நின்ற திம்மையாவை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.