வீட்டை மதரஸாவாக்கிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்)

பிள்ளைகளுக்கு மார்க்கத்தையும் நற்குணத்தையும் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருடையது? நம்மில் பலர் தயங்காமல் சொல்லும் விடை, மதரஸா உஸ்தாதுடையது என்பதே. தஞ்சைச் சாலையிலுள்ள நம் காட்டூரையே எடுத்துக் கொள்ளுங்கள். பிள்ளைக்கு மதரஸாவில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மற்ற பொழுதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் போய்விடுகிறது. குர்ஆனை ஒருமுறை ஓதி முடித்ததும் இனிப்பு வழங்கிவிட்டு, கடமை தீர்ந்ததென்று அத்தாவும் அம்மாவும் ஓய்ந்து விடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை முதல் பொய்யைச் சொல்லும்போதும், தம்பியின் பங்கைத் தட்டிப் பறிக்கும்போதும், உஸ்தாது அருகில் இருப்பதில்லை. இருப்பவர்கள் பெற்றோர்கள்தாம்.

இந்த உண்மையை 19ஆம் நூற்றாண்டிலேயே நன்குணர்ந்து, அதற்கு வழியும் வகுத்துத் தந்த ஒரு மாமேதையின் வாழ்வை இங்கே நினைவு கூர்வோம்.

கீழக்கரை செய்யிது முகம்மது ஆலிம் அவர்கள் 1816ஆம் ஆண்டு காயல்பட்டினத்தில் பிறந்தார்கள், வளர்ந்தது கீழக்கரையில். அன்னாரின் கல்வி வீட்டிலேயே தொடங்கியது. தந்தையாரே முதல் ஆசான். சிறு பிராயத்திலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாபிஸ் ஆனார்கள். பின்னர் அக்காலத்தில் பெரும் புகழுடன் விளங்கிய தைக்கா சாஹிபு வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களிடம் கல்வி பயின்றார்கள். மாணவரின் அறிவையும் ஒழுக்கத்தையும் கண்ட ஆசிரியர், தம் மகளை அவர்களுக்கு நிக்காஹ் செய்து வைத்தார்கள். அதனால் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற பெயர் நிலைத்தது. அப்பெயரே அரபியில் இமாமுல் அரூஸ் என வழங்கலாயிற்று.

கீழக்கரையில் அரூஸிய்யா மதரஸாவின் மூலம் அவர்கள் ஆற்றிய பணி ஒருபுறம். கடல் கடந்து இலங்கைக்குப் பலமுறை சென்று, அங்குள்ள ஊர்களில் பள்ளிவாசல்களும் மார்க்கக் கல்வியும் தழைக்கப் பாடுபட்டது மற்றொருபுறம். இவ்விரண்டையும் விட வீடுகளின் உள்ளே ஆழமாகச் சென்றது அவர்களுடைய எழுத்துப் பணியே.

அன்றைய கடற்கரைப் பட்டினங்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆண்கள் வணிகத்திற்காகக் கப்பலேறி மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பார்கள். பிள்ளைகளை வளர்ப்பது தாய்மார்களும் பாட்டிமார்களும்தாம். அவர்களோ மதரஸாவில் அமர்ந்து அரபிக் கிதாபுகளைப் பாடம் கேட்கும் வாய்ப்பில்லாதவர்கள். தமிழ் எழுத்தைக் கற்றவர்களும் குறைவு. ஆனால் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள் ஏராளம். அரபி எழுத்து அவர்களுக்குக் கைவந்த ஒன்று.

இங்கேதான் ஆலிம் அவர்களின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. அரபி எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் அவர்களுக்கு முன்பே வழக்கில் இருந்தது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில அரபி எழுத்துக்களில் கூடுதல் குறிகள் இட்டு எழுதுவது அதன் முறை. அதை அவர்கள் மார்க்க ஞானத்தின் வாகனமாக்கினார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு தாய், சிறிது பழகினால் போதும். ஒரு சட்ட நூலைத் தானே வாசித்து, தன் தாய்மொழியிலேயே பொருள் விளங்கி, தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். அடுக்களைக்கு அருகிலேயே ஒரு மதரஸா திறந்து விட்டது!

அவ்வகையில் அவர்கள் இயற்றியவற்றுள் மிகப் புகழ்பெற்றது பத்ஹுத் தய்யான். ஈமானின் அடிப்படைகளையும் ஷாபிஈ மத்ஹபின் சட்டங்களையும் விளக்கும் பெருநூல் அது. தமிழகத்திலும் இலங்கையிலும் பல தலைமுறைகள் அதை வாசித்தன. 1963இல் கொழும்பில் அது ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது.

சட்ட நூலுக்கும் நற்குணத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஒளுச் செய்யக் கற்கும் பிள்ளை, தண்ணீரை வீணாக்குவது விரும்பத்தகாதது என்பதையும் சேர்த்தே கற்கிறது. வியாபாரச் சட்டம் படிக்கும் பிள்ளை, பொருளில் உள்ள குறையை மறைத்து விற்கக் கூடாது என்று அறிகிறது. ஜகாத்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளை, தன் செல்வத்தில் ஏழைக்கும் உரிமை உண்டென உணர்கிறது. சிக்கனம், நேர்மை, இரக்கம் ஆகிய குணங்கள் வெறும் உபதேசமாக வராமல், அன்றாடச் செயலின் வழியே பிள்ளையிடம் வந்து சேர்கின்றன. செயலோடு ஒட்டிய பாடம் எளிதில் மறக்காது.

கதையின் வலிமையையும் ஆலிம் அவர்கள் அறிந்திருந்தார்கள். மதீனத்துன் நுஹாஸ், அதாவது தாமிரப்பட்டணம் என்னும் கதையை அரபுத் தமிழில் தந்தார்கள். அரபுலகில் பன்னெடுங்காலமாக வழங்கி வந்த கதை அது. செல்வம் குவிந்து கிடந்தும் உயிர் ஒன்றும் மிஞ்சாத ஒரு நகரத்தைக் காட்டி, உலகப் பொருளின் நிலையாமையை நெஞ்சில் பதிய வைப்பது அதன் நோக்கம். பேராசை கூடாதென்று நூறு முறை அதட்டுவதைவிட, இரவில் சொல்லும் இப்படி ஒரு கதை பிள்ளையை நெடுநேரம் சிந்திக்க வைக்கும்.

ஹிஜ்ரி 1316இல், அதாவது 1898ஆம் ஆண்டில் ஆலிம் அவர்கள் வபாத்தாகி, கீழக்கரையிலேயே அடக்கமானார்கள். அவர்களுக்குப் பின் அரபுத் தமிழும் மெல்ல மெல்ல மறைந்தது. பாட்டி ஓதிய கிதாபைப் பேத்தியால் வாசிக்க முடியாத நிலை வந்தது. எழுத்து மாறியதில் குற்றமில்லை. இன்று தமிழ் எழுத்திலேயே மார்க்க நூல்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. எழுத்தோடு சேர்ந்து, தாய் மடியில் பாடம் கேட்கும் வழக்கமும் போய்விட்டதே, அதுதான் இழப்பு.

அந்த வழக்கத்தை மீட்பது கடினமன்று. மஃரிபுத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும். அத்தாவோ அம்மாவோ ஒரு நூலில் ஒரு பக்கம் வாசிக்கட்டும். திருச்சி வட்டாரத்தில் நம்மில் பெரும்பாலோர் ஹனபிகள். ஆகவே நம் மத்ஹபின் சட்ட நூலை இமாமிடம் கேட்டுத் தேர்ந்து கொள்ளலாம். வாசித்ததில் ஒன்றை மறுநாள் வீட்டார் அனைவரும் செயலில் காட்ட வேண்டும். வாக்குத் தவறாமையைப் பற்றி வாசித்த இரவுக்கு மறுநாளே, கடன் கேட்டு வந்தவரிடம் அத்தா வீட்டில் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்னால், படித்த பாடம் அன்றோடு அழிந்து போகும். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் நடத்தையையே அதிகம் ஓதுகிறார்கள்.

நம் இல்லங்களையும் கல்விக் கூடங்களாக்கி, நம் மக்களை நற்குணச் சீலர்களாக வளர்க்கும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.