முப்பத்தெட்டு வயதில் பாடம் தொடங்கிய மன்னர்



பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு டிப்ளமோ சேர்ந்த நமக்கு முதல் செமஸ்டர் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தேகம் மனசுக்குள் இருக்கும். எழுந்து கேட்க வாய் வராது. நானும் கடைசி பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். அந்த நாட்களில் நூலகத்தில் படித்த ஒருவரின் வாழ்க்கை எனக்குத் தெம்பு கொடுத்தது. அவர்தான் ஆங்கிலோ சாக்சன் மன்னர் ஆல்ஃபிரட்.

சுமார் 849-ல் இங்கிலாந்தின் வான்டேஜ் என்ற ஊரில், வெசெக்ஸ் அரச குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதாகியும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது! ஒருநாள் தாயார் ஒரு கவிதைப் புத்தகத்தைக் காட்டி, முதலில் கற்றுக்கொள்பவனுக்கே இது பரிசு என்றாராம். ஆல்ஃபிரட் என்ன செய்தார் தெரியுமா? புத்தகத்தை ஆசிரியரிடம் கொண்டுபோய், வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசைத் தட்டிச் சென்றார்.

இது எப்படி முடிந்தது? அந்தக் காலத்துக் கவிதையின் அமைப்பே அப்படி. ஒவ்வொரு அடியும் நடுவில் நிறுத்தம் விட்டு இரண்டு பாதியாக நிற்கும். இரு பாதிகளையும் ஒரே ஓசையில் தொடங்கும் சொற்கள் கட்டிப் பிடித்திருக்கும். நம்ம மோனை மாதிரி. கடலைத் திமிங்கலத்தின் பாதை என்றும், உடம்பை எலும்பு வீடு என்றும் சுற்றிச் சொல்வார்கள். ஒருமுறை காதில் விழுந்தால் மறக்காது. அவர்களின் பெரிய காவியமான பேயோவுல்ஃப் மட்டும் 3,182 அடிகள்!

ஆனால் படிக்க நிம்மதி வேண்டுமே! 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியதிலிருந்து வைக்கிங்குகள் நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். 871-ல் ஆல்ஃபிரட் அரியணை ஏறினார். 878-ன் தொடக்கத்தில் எதிரிகள் திடீரென்று தாக்க, அவர் ஆதெல்னி சதுப்பு நிலத்தில் பதுங்கும்படி ஆயிற்று. அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே ஆண்டு மே மாதம் எடிங்டன் போரில் வென்று திரும்பினார்!

வென்றவர் சுற்றிப் பார்த்தால் மடங்கள் பாழ், புத்தகங்கள் சாம்பல். அன்றைக்குப் படிப்பு என்றாலே லத்தீன்தான். அந்த லத்தீனும் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். என்ன செய்வது? 887-ல், சுமார் முப்பத்தெட்டு வயதில், மன்னரே ஆசர் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞரிடம் லத்தீன் பாடம் தொடங்கினார். பிடித்த வரிகளை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் வைத்துக்கொண்டார். மக்களுக்கு அவசியமான நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் தாய்மொழியில் வாசிக்கட்டும், மேலே போகிறவர்கள் லத்தீன் படிக்கட்டும் என்பது அவர் திட்டம். எழுத்தறியாத நீதிபதிகளையும் விடவில்லை. படியுங்கள், இல்லாவிட்டால் பதவியை விடுங்கள் என்று சொல்லிவிட்டார். போப் கிரெகரியின் நூலை மொழிபெயர்த்து அவர் வூஸ்டருக்கு அனுப்பிய பிரதி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

நமக்குப் பிடித்த விஷயம் ஒன்று. நேரத்தைப் பங்கிட அவர் மெழுகுவர்த்திக் கடிகாரம் செய்தார். 12 அங்குல வர்த்திகள் ஆறு. ஒன்று 4 மணி நேரம் எரிந்தால், ஆறும் சேர்ந்து 24 மணி. காற்று புகுந்து வேகமாக எரிந்து கணக்கு தப்பியது. சும்மா விட்டாரா? மாட்டுக் கொம்பை ஒளி ஊடுருவும்படி மெலிதாகச் சீவி, மரச்சட்டத்தில் பொருத்தி லாந்தர் செய்துவிட்டார். இவர் நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்தான்!

வாழ்நாள் முழுக்க நோயோடு போராடி, 899 அக்டோபர் 26-ல் மறைந்தார்.

நண்பர்களே, இன்று நம்மை மிரட்டுகிற ஆங்கிலமும் ஒரு காலத்தில் லத்தீனுக்கு முன்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மொழிதான். இதைப் படித்த மறுவாரம், லேத் வகுப்பில் எழுந்து, ஃபீட் என்றால் என்ன சார் என்று தமிழிலேயே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் மூன்று பேர் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வகுப்பில் நீங்களும் கேளுங்கள்!