புருவம் இல்லாததால் வேலை கிடைக்கலையா? முகங்களை மீட்டுக் கொடுத்த கொல்லிமலை டாக்டர் பால் பிராண்ட்

மொபைலில் ஒரு ஃபில்டரைத் தட்டினால் போதும், மூக்கு கூராகிவிடும், புருவம் அடர்த்தியாகிவிடும். நிஜத்திலும் மருத்துவம் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2005-ல் பிரான்ஸின் அமியான் நகரில், நாய் கடித்துக் குதறிய ஒரு பெண்ணுக்கு இறந்தவர் ஒருவரின் மூக்கையும் உதட்டையும் எடுத்துப் பொருத்தினார்கள். உலகின் முதல் பகுதி முகமாற்று சிகிச்சை அது. முகத்தையே மாற்றிக்கொள்ளும் காலம் வந்துவிடுமா என்ற பேச்சு அதோடு சூடு பிடித்தது.

நம்ம ஊரில் இந்தக் கதை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வேறு மாதிரி தொடங்கிவிட்டது. அங்கே புது மூக்கு கேட்டவர்களுக்கு அழகு முக்கியமில்லை. பஸ்ஸில் ஏற வேண்டும், ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

யார் இந்த பால் பிராண்ட்?

1914 ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் ஆங்கிலேய மிஷனரிகள். மலைக் குழந்தைகளோடு தமிழ் பேசி, மரமேறி வளர்ந்தவர். 9 வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929-ல் மலேரியா முற்றி அப்பா மலையிலேயே இறந்துபோனார். மகனால் அவரை மறுபடி பார்க்கவே முடியவில்லை. (அம்மா ஈவ்லின் தனிக்கதை. 95 வயது வரை வாழ்ந்தவர், கடைசிவரை மலையைவிட்டு இறங்க மனமில்லாமல் இருந்தவர்.)

பால் நேராக டாக்டர் ஆகவில்லை. முதலில் கட்டட வேலை, தச்சு வேலை என்று நாலு வருஷம் கற்றுக்கொண்டார். அப்புறம்தான் லண்டனில் மருத்துவம். வானிலிருந்து ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில் அறுவை சிகிச்சை பழகினார். 1946 கடைசியில் வேலூர் சிஎம்சி-க்கு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் அப்போது கிடையாது. உத்திரமேரூர், காஞ்சிபுரம் எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம்தான். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. தோல் நோய் நிபுணர் ராபர்ட் காக்ரன் 1947-ல் அங்கே பிராண்டை அழைத்துப்போய் சுற்றிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் நகம்போல் வளைந்து மடங்கிய கைகள். இவற்றைச் சரிசெய்ய எலும்பு டாக்டர்கள் யாரும் முயற்சி பண்ணலையா என்று பிராண்ட் கேட்டார். யாருமே திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் பதில்.

அங்கே ஒரு நோயாளியிடம், தன் கையை முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பலமே இருக்காது என்று நினைத்து நீட்டிய கை வலியில் துடித்தது. அப்படியென்றால் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன! வேலை செய்யும் தசைநாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டினால்? அடுத்த வருஷமே வேலூரில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. விரல்கள் நிமிர்ந்தன.

கை சரியானது, முகம்?

சிக்கல் இங்கேதான். கை சரியாகிப்போன ஒருவர் கொஞ்ச நாளில் திரும்பி வந்து குறை சொன்னார். கை நன்றாக இருப்பதால் பிச்சை கிடைப்பதில்லை, முகத்தைப் பார்ப்பவர்கள் வேலையும் தருவதில்லை என்பது அவர் கவலை. மருந்தில் கிருமி செத்திருக்கும், யாருக்கும் தொற்றவும் தொற்றாது. ஆனால் புருவம் உதிர்ந்து மூக்கு அமுங்கிய முகத்தைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் கிளாஸை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள் பிடிக்கும். அதனால்தான் மூக்கு, காது, புருவத்தைக் குறிவைக்கிறது. மூக்கின் உள்தோலும் குருத்தெலும்பும் அழிந்து, தழும்பு சுருங்கி, மூக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1950-களில் பிராண்ட் குழு முகத்தில் இறங்கியது. மூக்குக்கு, முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு சிகிச்சை செய்த ஹெரால்ட் கில்லிஸின் வழி உதவியது. மேலுதட்டுக்கு உள்பக்கமாகத் திறந்து, ஒட்டிப்போன தோலை விடுவித்து, உள்ளே புதுத் தோல் வைத்து, மூக்கு மறுபடி சுருங்காதபடி முட்டுக் கொடுப்பது. வெளியே தழும்பே தெரியாது. புருவத்துக்குத் தலைமுடியோடு ஒரு துண்டு உச்சந்தலைத் தோல், ரத்தக்குழாய் அறுபடாமல், நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டு இழுத்துக்கொண்டு வரப்படும். தலைமுடிதானே, அது வளர்ந்துகொண்டே இருக்கும்! வாரா வாரம் கத்தரிக்க வேண்டும். சிலர் வெட்டாமல் நீளமாக விட்டுக்கொண்டு பெருமையாகத் திரிந்தார்கள்.

மூடாத கண்ணுக்கான வழி இன்னும் விசித்திரம். மெல்ல உதவும் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இமைகளில் கட்டுவார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். கண் சிமிட்டப் பல்லைக் கடிக்கப் பழக வேண்டும், இல்லையென்றால் கண் காய்ந்து பார்வை போய்விடும். பிராண்டின் மனைவி மார்கரெட் கண் மருத்துவர். இந்த நோயாளிகளின் கண்களைக் காப்பதில் அவர் பங்கு பெரியது.

ராத்திரியில் காணாமல்போன விரல்கள்

விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் காயம்பட்டுத் தேய்கின்றன என்று பிராண்ட் காட்டினார். ஆனால் சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்ததில் குற்றவாளி எலி. தீர்வு? வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஒரு பூனை. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான சிகிச்சை வேறு இருக்குமா தெரியவில்லை.

குணமானவர்கள் தொழில் பழக வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கியது. பிராண்ட் லண்டனில் கற்ற தச்சு வேலை அங்கே கைகொடுத்தது. 1960-ல் லாஸ்கர் விருது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார்.

இப்போ என்ன நிலை?

முகமாற்று சிகிச்சை செய்தவர்கள், உடல் அந்த முகத்தை நிராகரிக்காமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். பிராண்ட் எடுத்தது நோயாளியின் சொந்தத் தோலும் தசையும் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. இந்த வகை சிகிச்சைகள் இன்றும் நடக்கின்றன. திருமணி வளாகம் 1955-லிருந்து மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற படை இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் புருவமும் மூக்கும் போகும் நிலையே வராது.